வலுக் கமிட்டியும் சைனம்புவின் பானையும்

திண்டுக்கல் தாலுகாவில் ஆவி முட்டி ஒரு பாத்திரமும் வெடித்ததில்லை. வெடிக்கக்கூடிய பாத்திரம் அங்கே எதுவும் இல்லாததுதான் காரணம் என்று சிலர் சொல்லுவார்கள். அவர்கள் விவரம் தெரியாதவர்கள். திண்டுக்கல் தாலுகா அழுத்தப் பாத்திர வலுநிர்ணயக் குழு என்று ஒன்று இருந்ததுதான் காரணம். குழுவே தன் ஆண்டறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவ்வளவு நீளத்தை வாயில் போட்டு மெல்ல நேரமில்லாத ஜனங்கள் அதை வலுக் கமிட்டி என்றார்கள்.

கமிட்டிக்குத் தலைவர் தொப்பம்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் தண்டபாணி. அவருக்குப் பாத்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் எந்தப் பாத்திரத்தின் மேலும் அவருக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. அந்த நடுநிலைமைக்காகவே அவரைப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் பொன்னுத்துரை படித்தவர். இருபது வருஷ உத்தியோகத்தில் எதையும் தீர்மானமாகச் சொல்லி மாட்டிக்கொண்டவர் அல்ல. மூன்றாவது உறுப்பினர் ஒரு தமிழ்ப் பண்டிதர். கமிட்டிக்கு அந்தப் பெயரைக் கட்டிக் கொடுத்தவர் அவர். பெயர் வைத்து முடிந்ததும் அவரை என்ன செய்வதென்று தெரியாமல் உறுப்பினராகவே வைத்துக்கொண்டார்கள். பழனி ரோட்டில் ஒரு மாடி ஆபீஸ், ஒரு ஜீப், ஒரு பியூன், சிவப்பு அரக்கு, முத்திரை எல்லாம் இருந்தன.

இல்லாதது ஒன்றுதான், சோதித்துப் பார்க்க ஒரு பாத்திரம். மில் பாய்லர்கள் வேறொரு துறைக்குச் சொந்தம். கிட்டே போனால் அந்தத் துறைக்குக் கோபம் வரும். சோடாக் கம்பெனிக்காரர் பெரிய இடம். இட்டிலிச் சட்டியைச் சோதிக்கலாமா என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். ஆவி சேர்ந்ததும் மூடி தானாகவே எழும்பி வழி விட்டுவிடுகிறது. இப்படி அனுமதி கேட்காமல் நடந்துகொள்ளும் பாத்திரத்தைச் சோதிக்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். வீசையும் சேரும் போய்க் கிலோ வந்திருந்த நேரம் அது. வேலையில்லாத கமிட்டிகளையும் அதேபோல் ஒழித்துவிடப்போகிறார்கள் என்று மதராஸிலிருந்து ஒரு பேச்சு வந்தது. மூன்று பேருக்கும் தூக்கம் போய்விட்டது. அப்போதுதான் பேகம்பூர் சைனம்புவின் பானையைப் பற்றி அவர்கள் காதில் விழுந்தது.

சைனம்பு வியாழன்தோறும் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் ஆட்டுக்கால் சூப்பு விற்கிறவள். சந்தை விடிவதற்கு முன்பே கூடிவிடும். பனியில் ஆடு ஓட்டி வந்தவனுக்கும் லாரியில் நின்றபடி வந்தவனுக்கும் முதலில் ஒரு டம்ளர் சூடான சூப்பு வேண்டும், ஆடு பிறகுதான். ஆனால் கிழட்டு ஆட்டின் கால் லேசில் வேகாது. முன்பெல்லாம் முதல் நாள் பொழுது சாயும்போதே அடுப்பை மூட்டி, வண்டி விறகை அதற்குத் தின்னக் கொடுத்து, புகையில் கண் சிவந்து உட்கார்ந்திருப்பாள். விற்றதெல்லாம் விறகுக்கடைக்குப் போய்விடும்.

அவள் புருஷன் ஜமால் முகமது தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். அங்கே பழைய நீராவிக் குழாய் ஒன்றைக் கழித்துப் போட்டபோது, கட்டிப் பிடித்தால் கைக்குள் அடங்காத அதன் பருத்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அடியை மூடிப் பற்றவைத்தார்கள். மேலே கனத்த மூடி, அதைச் சுற்றிலும் முடுக்கத் திருகாணிகள், இடையில் ஆவி கசியாமல் இருக்க எருமைத் தோலில் வெட்டிய வளையம். மூடியின் நடுவே பென்சில் நுழைகிற ஓட்டை. ஓட்டையின் மேல் உட்கார ஒரு பழைய அரை வீசை எடைக்கல். உள்ளே ஆவி முட்டினால் கல் எழும்பி ஆடும், ஆவி புஸ்ஸென்று போகும், கல் மறுபடி உட்காரும். சந்தையில் முதல் பேரம் படிவதற்குள் எலும்புக்குள் இருப்பதெல்லாம் இறங்கி சூப்பு தயாராகிவிடும். சந்தைக்காரர்கள் அதை ஊதுபானை என்றார்கள். இரண்டு வருஷமாக அதைச் சுற்றி நின்று குளிர் காய்ந்தபடிதான் குடித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை சைனம்புவின் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. மூவரும் இறங்கவில்லை. பியூன் சோலைமுத்துவை முதலில் உள்ளே அனுப்பி, பானை எந்த நிலைமையில் இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார்கள். பானை முற்றத்தில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் சைனம்புவின் பூனை படுத்திருந்தது. சோலைமுத்து திரும்பி வந்து அப்படியே சொன்னான். பூனைக்குச் சேதம் ஏதும் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டு, பிறகுதான் மூவரும் இறங்கினார்கள்.

இது எத்தனை பவுண்டு அழுத்தம் தாங்கும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எட்டு ஆட்டின் கால் தாங்கும் என்றாள் சைனம்பு. ஆட்டுக்கால் கணக்கு அரசாங்கத்தில் கிடையாது என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எடைக்கல்லைப் பார்த்தார், ஓட்டையை அளந்தார், ஏதோ பெருக்கினார். இந்தக் கல் வைத்தால் உள்ளே பத்து பவுண்டு அழுத்தம். பத்தில் வேலை செய்கிற பாத்திரம் குறைந்தது இருபது தாங்க வேண்டும். தாங்குமா என்று தீர்மானிக்கத்தான் குழு இருக்கிறது என்றார். கல் பழைய வீசைக்கல்லாக இருப்பது தனிக் குற்றம். பெரிய மனது பண்ணி அதைத் தாம் பார்க்கவில்லை என்று சொல்லி, சோலைமுத்துவிடம் கல்லைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்.

“ரெண்டு வருசமாச் சந்தையே பார்த்துக்கிட்டுத்தான அய்யா இருக்கு” என்றாள் சைனம்பு.

“சந்தை பார்ப்பது அனுபவம் அம்மா. குழு பார்த்தால்தான் அது ஆய்வு” என்றார் பொன்னுத்துரை.

ஆய்வு முடியும்வரை பானை தீயைப் பார்க்கக் கூடாது என்று சொல்லி, மூடியை மாட்டி, திருகாணிகளின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். ஜமால் முகமது வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்ததும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சர்க்கார் ஆள் என்றால் தபால்காரருக்குக்கூட எழுந்து நிற்கிறவர்.

அய்யலூர் சந்தையில் ஒரு ஏற்பாடு உண்டு. கடை போடுகிற இடத்தை மூன்று சந்தை தொடர்ந்து காலியாக விட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். சைனம்புவின் இடம் ஆட்டுக்கொட்டடிக்கு நேர் வாசலில் இருந்த நல்ல இடம். ஒரு பருத்திப்பால்காரன் அதில் இப்போதே கண் வைத்திருந்தான். முதல் வியாழக்கிழமை அவள் போகவில்லை. அன்றைக்கு அவள் இடத்தில் நின்று, சூப்பு கிடைக்காதவர்களிடம் பருத்திப்பால்காரன் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவை எல்லாம் யாரோ வந்து சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பழனி ரோட்டு ஆபீசுக்குப் போனாள். நெடுநேரம் மாடிப்படியில் உட்கார்ந்த பிறகு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். வேலை வேகமாக நடக்கிறது என்றார். பாத்திரத்தின் வலு அதன் இரும்பின் கனத்தைப் பொறுத்தது. கனம் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். கனத்தை அளக்கப் பக்கவாட்டில் ஒரு துளை போட வேண்டும். துளை போட ஆளைப் பிடித்தாகிவிட்டது.

“துளை போட்டா அதுக்கப்புறம் பானை தாங்குமாய்யா?”

“தாங்காது” என்றார் இன்ஸ்பெக்டர். “துளை விழுந்த பாத்திரம் அழுத்தம் தாங்காது என்பது விதி. அதனால் முடிவும் கையோடு கிடைத்துவிடும். உனக்கு அலைச்சல் மிச்சம்.”

சைனம்புவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. படியிறங்கி, பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, ஒரு டீயைக் குடித்து முடித்தபோது புரிந்தது. புரிந்ததும் வந்த கோபத்தில் பஸ் ஏறாமல் பேகம்பூர் வரை நடந்தே போனாள். துளை போடுகிற ஆள் வந்தபோது பானையின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெற்றிலைப் பெட்டி, பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு, அவளுக்குப் பக்கத்தில் பூனை. துளைக்கிறதென்றால் தன்னிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். அந்த ஆள் நல்லவன். மனுஷருக்குத் துளை போட ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதற்காகத் தலைவர் தண்டபாணியே நேரில் வந்தார். அவர் பேச்சு எப்போதும் வெல்லப்பாகு.

“ஏனுங்க அம்மணி, நம்மளுக்குள்ள எதுக்குங்க சண்டை? துளையெல்லாம் வேண்டாமுங்க. பாத்திரத்துல தண்ணிய ரொப்பிப் பம்பு வெச்சு அழுத்திப் பார்த்தாலே தெரிஞ்சு போகுதுங்க. சீமைப் பம்பு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறமுங்க.”

சைனம்புவுக்கு நிம்மதியாக இருந்தது. இன்றைக்கே கொண்டுவந்து அழுத்திப் பார்க்கச் சொன்னாள்.

“அதெப்படீங்க முடியும்? அழுத்தறப்போ பம்புக்குள்ளயும் அழுத்தம் வருமில்லீங்களா? அப்ப பம்பு தாங்குமான்னு மொதல்ல சோதிக்கோணுங்க. அதுக்கு இன்னொரு பம்பு வேணுமுங்க. கேட்டு எழுதியிருக்கறமுங்க. அது வந்ததும் அதையும் சோதிக்கோணும் பாருங்க, எங்களுக்கு வேலை கொஞ்சமாங்க?”

பம்பு இரண்டு வருஷமாகப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கப்படவில்லை என்று பின்னால் சோலைமுத்து சொன்னான். பெட்டிக்குள் இருந்தவரை அது வெடிக்கவில்லை என்பதும் ஆண்டறிக்கையில் ஏறியிருந்தது.

இரண்டாவது வியாழக்கிழமையும் போயிற்று. இன்னும் ஒன்றுதான். ஜமால் முகமது, போனால் போகட்டும், பழையபடி விறகை வைத்து எரித்துக்கொள்ளலாம், சர்க்காரோடு நமக்கு எதற்கு என்றார். புருஷன் ஊதுபானை செய்த ராத்திரி எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பது சைனம்புவுக்குத் தெரியும். அதை அவரே வேண்டாமென்று சொல்வதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

ஆனால் அவளைவிடக் கமிட்டிக்கு அவசரம் அதிகமாகிவிட்டது. ஆண்டறிக்கை போக வேண்டிய நாள் நெருங்கியது. பாத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தாயிற்று என்று எழுதிவிட்டார்கள். அது எத்தனை பவுண்டு தாங்கும் என்ற இடத்தை யாரும் நிரப்பவில்லை. கூடுதலாகப் போட்டு வெடித்துவிட்டால் யார் போட்டது என்று கேட்பார்கள். குறைவாகப் போட்டு வெடிக்காமல் இருந்தால் ஏன் குறைத்தாய் என்று கேட்பார்கள். ஆகவே அந்த எண்ணை மக்கள் முன்னிலையில் அறிவித்துவிடுவது, அப்படி அறிவித்தால் அது மக்கள் அறிவித்த மாதிரி ஆகிவிடும் என்று பண்டிதர் யோசனை சொன்னார். அய்யலூர் சந்தையில், வரும் வியாழக்கிழமை, மாபெரும் வலுநிர்ணய விழா என்று தண்டோரா போட்டார்கள்.

விடிந்தும் விடியாததுமாகப் பந்தல், மேடை, மைக் செட் எல்லாம் நின்றன. ஆடுகளுக்கு மைக் செட் பிடிக்கவில்லை. மேடையிலிருந்து வெகு தூரத்தில், சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, நடுவில் பானையை வைத்திருந்தார்கள். சைனம்பு வழக்கம்போல் கால்களை வாட்டிச் சுரண்டிக் கழுவி, இஞ்சி மிளகு தட்டி, விறகோடு வந்திருந்தாள். இதற்கெல்லாம் அவசியமில்லை, பேச்சு மட்டும்தான் என்று சோலைமுத்து சொல்லிப் பார்த்தான். இருக்கட்டும் என்றாள்.

தலைவர் முதலில் பேசினார். “இந்தக் குழு வந்த நாள்முதலாத் தாலுகாவுல ஒரு பாத்திரங்கூட வெடிக்கலீங்க. குழு வர்றதுக்கு முந்தியும் வெடிக்கலைங்கறாங்க. அதுவும் குழு வரப்போகுதுங்கற பயத்துலதானுங்க” என்றார். கைதட்டல் எழாததால் சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். நாடு வேகமாக முன்னேறுகிறது, முன்னேறும்போது அழுத்தம் வருகிறது என்று ஆரம்பித்து, சொல்ல வந்ததை எட்டினார். “ஒரு பாத்திரம் வலுவானதா இல்லையா என்பது பெரிதல்ல. எத்தனை பவுண்டு என்பதும் பெரிதல்ல. நாளை ஏதாவது ஆகிவிட்டால், அதைச் சொன்னவன் நான் அல்ல என்பதுதான் ஒரு பொறுப்புள்ள அதிகாரி கவனிக்க வேண்டிய விஷயம்.” பண்டிதர் இதற்குக் கண் கலங்கினார்.

பிறகு அந்த எண்ணை அறிவிக்கிற கட்டம் வந்தது. தலைவர் மைக்கை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். தலைவர் இருக்கும்போது தாம் சொல்வது மரியாதையல்ல என்று அவர் அதைத் திருப்பினார். அது பண்டிதரிடம் போய், பண்டிதர் கணீரென்று ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டு மறுபடி தலைவரிடமே தள்ளினார். வெயில் ஏறிவிட்டது. வியாபாரம் கெட்டது. ஆட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

ஒச்சப்பன் எழுந்து வந்தார். அய்யலூர்ச் சந்தையில் தரகு பேசுவதில் அவருக்கு மேல் ஆளில்லை. சைனம்புவின் முதல் டம்ளர் சூப்பு எப்போதும் அவருக்குத்தான். இரண்டு வாரமாக அது இல்லாமல் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது.

“அய்யாமாருக வாயால சொல்றதுக்குத்தான சங்கடப்படுறீக?” என்றார். “இங்ஙன நாங்க எதையும் வாயால சொல்றதே இல்ல. துண்டுக்குள்ளதான் பேசுறது.”

அங்கே வழக்கம் அது. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்தும் விட்டும் பேரம் நடக்கும். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட எவ்வளவு என்று தெரியாது. யார் எந்த விரலைக் கொடுத்தார் என்பது வெளியே வராதா என்று இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கேட்டார். துண்டுக்குள் நடப்பது துண்டோடு போயிற்று என்றார் ஒச்சப்பன். கமிட்டிக்கு உடம்பில் உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு அருமையான நிர்வாக முறையை ஆட்டுக்காரர்கள் வைத்துக்கொண்டிருக்க, அரசாங்கத்துக்கு இதுவரை தோன்றவில்லையே என்று பண்டிதர் ஆச்சரியப்பட்டார். வழக்கத்தின் மறுபாதி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததை யாரும் சொல்லவுமில்லை. அய்யலூரில் அது ஆட்டுக்கே தெரியும்.

ஒரு விரலுக்கு ஐந்து பவுண்டு என்று வைத்துக்கொண்டார்கள். பொம்பளை துண்டுக்குள் கை விடுவதில்லை என்பதால் சைனம்பு தரப்பில் ஜமால் முகமதுவின் கை. அவர் பின்னால் சட்டையைப் பிடித்தபடி அவள் நின்றாள். கமிட்டி தரப்பில் யார் கை என்பதில் சிக்கல் வந்து, கடைசியில் மூன்று பேருடைய வலது கையும் உள்ளே போயிற்று. ஓர் ஆட்டுக்கு மூன்று வியாபாரி கை கொடுத்து ஒச்சப்பன் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் முகம் மாறவில்லை.

துண்டுக்குள் பெரும் போராட்டம் நடந்தது. கமிட்டி முதலில் ஒரு விரல் கொடுத்தது. சைனம்பு சட்டையை இழுத்த இழுப்பில் ஜமால் முகமது ஐந்து விரலையும் கொடுத்தார். தலைவர் இரண்டாவது விரலை நீட்டினால் இன்ஸ்பெக்டர் அதைப் பிடித்து மடக்கினார். இன்ஸ்பெக்டர் அசந்த நேரம் பண்டிதருடைய விரல் ஒன்று தானாக எழுந்துவிட்டது. ஜமால் முகமதுவுக்கு நெற்றி வேர்த்தது; இறங்கிவிடலாம் போலிருந்தது. சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. அவர் இறங்கவில்லை. ஏறி இறங்கி, இறங்கி ஏறி, ஒரு வழியாக ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“படிஞ்சுருச்சு” என்று சந்தைக்கே கேட்கும்படி சொன்னார். “நாலு வெரலு. இருவது பவுண்டு.”

மூவர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. எண் வந்துவிட்டது, சொன்னவர் யாருமில்லை. இன்ஸ்பெக்டர் அதை அங்கேயே எழுதிக்கொண்டு ஜீப்பைக் கூப்பிட்டார். ஜீப் வரவில்லை. பந்தலைச் சுற்றி ஆட்களும், ஆட்களைச் சுற்றி ஆடுகளும் வந்து அடைத்துக்கொண்டு நின்றன.

“என்னப்பு, கை வைக்காமப் போறீக?” என்றார் ஒச்சப்பன்.

அப்போதுதான் மறுபாதியைச் சொன்னார்கள். துண்டுக்குள் விரல் கொடுத்தவன், துண்டை எடுத்ததும் ஆட்டின் முதுகில் கை வைக்க வேண்டும். அத்தனை பேர் பார்க்க வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அந்த விலை அவன் வாக்கு. ஆடு மறுநாள் செத்தாலும் அவன் பேசக் கூடாது. விரல் கொடுத்துவிட்டுக் கை வைக்காதவன் பிறகு அந்தச் சந்தைக்குள் கால் வைக்க முடியாது. அவனோடு ஒருவரும் எதுவும் பேசமாட்டார்கள். யாரும் பொறுப்பில்லை என்று நினைத்து மூவரும் கை விட்ட துண்டு, அய்யலூரிலேயே பொறுப்பு அதிகமான இடம்.

சைனம்பு காத்திருக்கவில்லை. மணல் மூட்டைகளைக் காலால் தள்ளிவிட்டுப் போய் அரக்கு முத்திரையை விறகுக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினாள். அது பொடியாக உதிர்ந்தது. இன்ஸ்பெக்டர், அரசாங்க முத்திரை, அரசாங்க முத்திரை என்றார். இருபது என்று படிந்த பிறகு அது எதற்கு என்று அவள் கேட்டாள். மூடியைத் திறந்து கால்களைப் போட்டு, தண்ணீர் விட்டு, தோல் வளையத்தைப் பதித்துத் திருகாணிகளை முடுக்கி, அடுப்பை மூட்டினாள். அரை வீசைக் கல்லை ஓட்டையின் மேல் உட்கார வைத்தாள். பிறகு துணிக்குள்ளிருந்து அதேமாதிரி இன்னொரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்துக் கட்டினாள்.

ஜமால் முகமதுவின் முகம் வெளுத்துவிட்டது. இதுவரை அவர்கள் இரண்டு கல் வைத்ததே இல்லை.

“ஒரு கல்லு பத்துன்னு அய்யாதான கணக்குச் சொன்னாரு” என்றாள் அவள். “பேசுனது இருவது. பத்துல கை வச்சா அது பேச்சுக்கு மரியாதை இல்ல.”

சொன்னாளே தவிர, பானை தாங்கும் என்று அவளுக்குத் தெரியாது. நம்பினாள், அவ்வளவுதான். வெடித்தால் இடமும் போச்சு, பானையும் போச்சு, தானும் போச்சு. ஆனால் இனிமேல் ஒருத்தன் வந்து இதைப் பூட்டிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது. புருஷனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். தபால்காரருக்கு எழுந்து நிற்கிற அந்த மனுஷர் கிழிந்த சட்டையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

தீ பிடித்து எரிந்தது. பானை முனகியது. இரும்பு எங்கோ ஒரு இடத்தில் டிக்கென்றது. கல் ஆடவில்லை. இன்னும் கொஞ்சம் விறகைத் தள்ளினாள். இரண்டு கல்லும் சேர்ந்து லேசாக நடுங்கின, எழும்பின, ஆவி சீறிக்கொண்டு பனைமரம் உயரத்துக்குப் போயிற்று. ஒச்சப்பன் துண்டை நனைத்து மடித்துப் பானையின் தோளில் போட்டார். முதலில் தம் கையை வைத்தார், தரகருக்கும் அது கடமை. சைனம்பு வைத்தாள். ஜமால் முகமது வைத்தார்.

“இப்ப அய்யாமாருக” என்றார் ஒச்சப்பன்.

தலைவர், தாம் கை வைப்பதென்றால் தீர்மானம் போட வேண்டும், தீர்மானத்துக்குக் கூட்டம் கூட்ட வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர், கை வைப்பது ஆய்வாளருடைய வேலையல்ல, கை வைக்கப்பட்டதா என்று தூரத்திலிருந்து பார்ப்பதுதான் வேலை என்றார். பண்டிதர் ஏற்கெனவே ஓர் ஆட்டு மந்தையின் நடுவில் பாதி தூரம் போயிருந்தார்.

சைனம்பு பானையிலிருந்து கையை எடுக்காமல் திரும்பினாள்.

“வெடிச்சா நான் சாகணும், வெடிக்காட்டிப் பேரு ஒங்களுக்கு. அதுதான ஏற்பாடு?” என்றாள். “மூணு வாரமா என் பானைக்கு வலு இருக்கான்னு பார்த்தீக. இப்பச் சந்தை ஒங்களுக்கு வலு இருக்கான்னு பார்க்குது. வந்து வைங்கய்யா.”

யாரும் வரவில்லை. ஒச்சப்பன், விரல் கொடுத்துக் கை வைக்காதவர்கள் இன்னார் இன்னார் என்று பெயர் சொல்லி அறிவித்தார். கூட்டம் விலகி வழி விட்டது. ஆடுகள் விலகவில்லை. மிச்சமிருந்த இரண்டு பேரும் வேட்டியையும் கால்சட்டையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மந்தைக்குள் இறங்கிப் போனார்கள். சைனம்பு மேல் கல்லை அவிழ்த்து எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடுப்புப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். முதல் டம்ளர் ஒச்சப்பனுக்குப் போயிற்று. அன்றைக்குப் போல் அவளுக்கு என்றைக்கும் விற்றதில்லை.

கமிட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாத்திரம் ஒன்று ஆய்வு செய்யப்பட்டது, இருபது பவுண்டு அழுத்தத்தில் குழுவின் முன்னிலையில் அது வெடிக்கவில்லை, உறுப்பினர்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் உடனிருந்தார்கள் என்று ஆண்டறிக்கை போயிற்று. மதராஸில் அதைப் படித்து மெச்சி, இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டித்தார்கள். இரண்டாவது பம்புக்கும் உத்தரவாயிற்று.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை விடியற்காலையில் ஜீப் வந்து சந்தை எல்லைக்கு வெளியே ரோட்டோரம் நின்றது. உள்ளே தலைவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சளி பிடித்திருந்தது. சோலைமுத்து ஒரு தூக்குவாளியோடு கூட்டத்தில் நுழைந்து வந்து, அய்யாவுக்கு ஒரு படி சூப்பு, மிளகு தூக்கலாகப் போட்டு வேண்டும் என்றான்.

கல் ஆடிக்கொண்டிருந்தது. சைனம்பு தூக்குவாளியைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள்.

“சூப்பு இருக்கு” என்றாள். “ஒனக்கு இந்தா, குடி. அவருக்குக் குடுத்து விட மாட்டேன். இங்ஙன பானைக்குப் பக்கத்துல வந்து நின்னு குடிக்கச் சொல்லு.”

சோலைமுத்து நின்று நிதானமாகத் தன் டம்ளரைக் குடித்து முடித்தான். காலித் தூக்குவாளியோடு போய் ஜீப்பில் தலையை நீட்டிச் சொன்னான். ஜீப் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திண்டுக்கல்லைப் பார்க்கத் திரும்பிப் போயிற்று.